ஆஸ்பத்திரி லயத்துக்கு வர வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்காக நடத்தப்பட்ட சுகாதாரக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



ஞாயிற்றுக்கிழமை. துவைக்கிற வேலை, விறகு வேலை, தோட்டத்துக் காணி வேலை எல்லாவற்றையும் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளைகளில் இருந்து சங்கத்துக்கு வருகிற கடிதங்களில் சம்பளத்துக்கு அடுத்தபடி ஆஸ்பத்திரி பற்றித்தான் நிறையப் பேச்சு இருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், திறந்து தாருங்கள் என்கிறார்கள். டொக்டர் இல்லை, மருந்தை வெளியில் வாங்கச் சொல்லுகிறார்கள், அம்புலன்ஸ் வேண்டும் என்கிறார்கள். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் கைவிடப் போவதில்லை.

ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. கட்டடம் வந்துவிட்டது, டொக்டர் வந்துவிட்டார், மருந்தும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு நமது லயங்களில் நோய் குறைந்துவிடுமா? பிள்ளைகள் உயரமாக வளர்ந்துவிடுவார்களா? நாற்பத்தைந்து வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிற அக்காமாருடைய இரத்தசோகை போய்விடுமா?

இதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்துத் தலைவி எனக்குச் சொன்னது. தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே சேலைன் ஏற்றுவார்கள், ஜீவனி பக்கற் கொடுப்பார்கள், இரண்டு நாளில் துண்டு வெட்டி அனுப்புவார்கள். இரண்டு கிழமையில் அதே பிள்ளை அதே வார்ட்டுக்குத் திரும்பி வரும். பல வருடங்களாக நடந்தது இதுதான். யாரையும் குறை சொல்ல முடியாது. டொக்டர்மார் வைத்தியம் பார்த்தார்கள். பிள்ளைகள் பிழைத்தும் வந்தார்கள்.

ஒரு வருடம் புதிதாக ஒரு டொக்டர் வந்தார். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் எல்லாத் தாய்மாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம்? பதிலை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். பத்து நாளில் கொப்பியைப் பார்த்தால், வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஒரே டிவிசன், பணிய லயத்துப் பிள்ளைகள். மேட்டு லயத்தில் இருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி அனுப்பினார். பரிசோதகர் வந்து தலைவியையும் இரண்டு இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு, பணிய லயத்துப் பீலிக்குத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று ஓடையோடு மேலே ஏறினார். ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மலசலகூடக் குழி இடிந்து கிடந்தது. மழை பெய்தால் அதில் உள்ளதெல்லாம் ஊற்றுக்கு வருகிறது.

பிறகு என்ன நடந்தது? பரிசோதகர் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு கமிட்டி துரையிடம் போனது. குழாய் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் வெட்டிப் புதைத்துப் பீலியை வேறு ஊற்றுக்கு மாற்றினார்கள். குழியையும் மூடினார்கள். அடுத்த மழைக்கு அந்த லயத்தில் இருந்து பிள்ளைகள் கூட்டமாக வார்ட்டுக்குப் போகவில்லை.

தோழர்களே, சேலைன் போத்தல் அன்றைக்கு வந்த பிள்ளையைக் காப்பாற்றியது. அந்தக் கொப்பி இனிமேல் வர இருந்த பிள்ளைகளைக் காப்பாற்றியது. இரண்டும் ஆஸ்பத்திரியின் வேலைதான். நாங்கள் இவ்வளவு காலமும் முதல் வேலையை மட்டும் கேட்டு வந்திருக்கிறோம். இரண்டாவது வேலையையும் கேட்கத் தொடங்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் போதாது, ஆஸ்பத்திரியும் லயத்துக்கு வர வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று சிலர் நினைக்கலாம். நம்மைப் போன்ற தொழிலாளர்கள், நம்முடையதைப் போன்ற ஒரு சங்கம், இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சத்தீஸ்கர் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே தல்லி ராஜஹரா என்ற ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள். பிலாய் உருக்காலைக்குத் தேவையான தாது அங்கிருந்துதான் போனது. சுரங்கத்தில் கையால் கல் உடைத்து லொறியில் ஏற்றியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிறையப் பேர் ஆதிவாசிகள். ஆணும் பெண்ணும் சரிசமமாக வேலை செய்தார்கள். அதே ஊரில் நிரந்தரத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வீடு, பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தது. ஒப்பந்தக்காரனிடம் வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஒரே மலையில் கல் உடைத்தாலும் இரண்டு விதமான மனிதர்களாக நடத்தப்பட்டார்கள்.

1977இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்தார்கள். சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கம். அதை முன்னின்று நடத்தியவர் சங்கர் குஹா நியோகி. சங்கம் தொடங்கிச் சில மாதங்களிலேயே, அந்த வருடம் ஜூன் 2ஆம், 3ஆம் திகதிகளில், பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்ணும் உண்டு, சிறுவனும் உண்டு. அவ்வளவு இழப்புக்குப் பிறகும் சங்கம் உடையவில்லை. சம்பளத்தில் முன்னேற்றம் வந்தது.

சம்பளம் கூடியதும் என்ன நடந்தது தெரியுமா? சாராயக் கடையில் வியாபாரமும் கூடியது. நமக்குத் தெரியாத கதையா இது? சம்பள நாளில் தவறணை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். நியோகியும் தோழர்களும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. போராடி வாங்கிய காசு சாராயக்காரனிடம் போவதற்காகவா பதினொரு பேர் செத்தார்கள் என்று கேட்டார்கள். பெண்கள் முன்னால் வந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் குடி நின்றது. சங்கம் வேலை செய்கிற எட்டு மணி நேரத்துக்கு மட்டும் உரியது அல்ல, தொழிலாளியின் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் உரியது என்பது அவர்கள் கொள்கை. வீடு, தண்ணீர், படிப்பு, குடி, நோய் எல்லாமே சங்கத்தின் விஷயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சங்கத்துக்கு ஓர் உபதலைவி இருந்தார். குசும் பாய். சுரங்கத் தொழிலாளி. பிரசவ நேரத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்புக் கிடைக்கவில்லை. அவர் இறந்துபோனார். சங்கத்தின் உபதலைவிக்கே இந்தக் கதி என்றால் சாதாரணத் தொழிலாளப் பெண்ணுக்கு என்ன கதி? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டார்கள். இனி எங்கள் தாய்மார் இப்படிச் சாகக்கூடாது, எங்கள் ஆஸ்பத்திரியை நாங்களே கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கொழுந்து லொறியில் சாக்கை விரித்துக் கொண்டுபோன நமது தாய்மார் எத்தனை பேர்? பாதி வழியில் பிள்ளை பிறந்தவர்கள் எத்தனை பேர்? இந்த மண்டபத்தில் இருக்கிற தலைவிமாரில் அப்படிப் பிறந்தவர்களே இருக்கலாம். அதனால்தான் குசும் பாயின் கதை நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

முதலில் 1982இல் ஒரு சிறிய மருந்தகம் திறந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. பணக்காரரிடமும் கேட்கவில்லை, வெளிநாட்டு உதவியும் கேட்கவில்லை. தொழிலாளர்கள் தங்கள் வருமானத்தில் இருந்து காசு கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்து கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள். 1983 ஜூன் 3ஆம் திகதி, துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவு நாளில், 15 கட்டில்களோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இறந்தவர்களின் நினைவாக ஷஹீத் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். ஷஹீத் என்றால் தியாகி. பினாயக் சென், ஆசிஷ் குண்டு, சைபால் ஜானா போன்ற இளம் டொக்டர்மார் பெரிய நகரத்து வருமானத்தை விட்டுவிட்டு அங்கே வந்து வேலை செய்தார்கள்.

கட்டடம் கட்டியது பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கட்டிய பிறகு அந்த ஆஸ்பத்திரி எப்படி வேலை செய்தது என்பதுதான்.

முதலாவது, தொழிலாளர்களே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பகலில் சுரங்கத்தில் கல் உடைத்தவர் மாலையில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டினார். அவரே தனது குடியிருப்புக்குத் திரும்பிப் போய் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிக்குத் தன்னுடைய பாஷையில் பேசுகிற ஓர் ஆள் ஆஸ்பத்திரிக்குள்ளே இருந்தார்.

இரண்டாவது, வயிற்றோட்டத்துக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். உப்பும் இனிப்பும் கரைத்த தண்ணீரை வீட்டிலேயே கொடுக்கலாம், அதுவே பிள்ளையைக் காப்பாற்றும் என்று சுவரொட்டி எழுதி, கூட்டம் போட்டுச் சொன்னார்கள். தேவையில்லாத ஊசிக்கும் மருந்துக்கும் ஏமாறாதீர்கள் என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே சொன்னார்கள். ஊசி போட்டுக் காசு வாங்குகிறவர்கள் சொல்லமாட்டாத விஷயம் இது.

மூன்றாவது, மருந்தோடு நிறுத்தவில்லை. வயிற்றோட்டத்துக்குக் காரணம் கெட்ட தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் தர வேண்டியது யார்? அரசாங்கமும் நிர்வாகமும்தானே. ஆகவே குழாய்க் கிணறு கேட்டுச் சங்கம் போராடியது. ஆஸ்பத்திரி நோயின் காரணத்தைச் சொன்னது. சங்கம் அந்தக் காரணத்தை ஒழிக்கப் போராடியது. பணிய லயத்துப் பீலிக் கதையும் இதுவேதான்.

நியோகியை 1991 செப்டெம்பர் 28ஆம் திகதி, தூங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. தலைவர் போன பிறகும் நின்றது. தொழிலாளர்கள் தங்களுடையது என்று நினைத்த ஆஸ்பத்திரி அது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாங்களும் சந்தாவைக் கூட்டி ஓர் ஆஸ்பத்திரி கட்டுவோம் என்று யாரும் எழும்ப வேண்டாம். நமது நிலைமை வேறு. இந்த நாட்டில் இலவச வைத்தியம் உண்டு. அது நம்முடைய வியர்வையில் இருந்தும் உண்டானது. தேயிலையும் றப்பரும் கொண்டுவந்த காசில்தான் இந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளும் பாடசாலைகளும் எழும்பின. அதை விட்டுவிட்டு நாங்கள் தனியாகக் கட்டப் போனால் அரசாங்கத்தின் பொறுப்பை நாமே தட்டிக் கழித்துக் கொடுத்ததாக ஆகிவிடும். தல்லி ராஜஹராவில் இருந்து நாங்கள் எடுக்க வேண்டியது அந்த ஆஸ்பத்திரி வேலை செய்த முறையை.

நமது ஆஸ்பத்திரிகளின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏன் இப்படி இருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கும்.

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கு என்று ஒரு சட்டம் வந்தது. பிறகு 1912இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மருத்துவத் தேவைகள் பற்றியது. மற்றது தொழிலாளரிடையே நோய் பரவாமல் தடுப்பது பற்றியது. இவற்றால் தோட்டங்களில் மருந்துச்சாலைகளும் ஆஸ்பத்திரிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் அடிப்படை என்ன? சுகமில்லாதவன் வேலைக்கு வரமாட்டான். ஆகவே வேலைக்கு ஆள் நிற்க வேண்டும், அதற்கு மருந்து வேண்டும். தொழிலாளியின் சுகாதாரம் தோட்டத்துரையின் பொறுப்பு என்று விடப்பட்டது.

வெளியில் நடந்தது வேறு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவரோடு பரிசோதகர்கள், மருத்துவமாதர். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் இவர்களே வீடு வீடாகப் போனார்கள். கர்ப்பிணியைப் பதிந்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், மலசலகூடம் கட்ட வைத்தார்கள், பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். அந்த முறை நாடு முழுவதும் பரவியது. இன்றைக்கு நாங்கள் சொல்லுகிற சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அதன் தொடர்ச்சிதான். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை உலகத்தில் பெயர் எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளால் மட்டும் கிடைத்த பெயர் இல்லை அது. மருத்துவமாதர் நடந்த நடையாலும் கிடைத்தது.

அந்த நடை தோட்டத்து எல்லையில் நீண்ட காலம் நின்றுவிட்டது. உள்ளே நிர்வாகத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. சில நன்றாக நடக்கின்றன. சில இடங்களில் கட்டடம் மட்டும் நிற்கிறது. கம்பனியைக் கேட்டால் அரசாங்கம் என்கிறது, அரசாங்கத்தைக் கேட்டால் கம்பனி என்கிறது.

இந்த இழுபறியின் பலனைப் பிள்ளைகளின் உடம்பில் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்முடைய பரம்பரை கட்டை என்று சிலர் சிரிப்பார்கள். பரம்பரை இல்லை, தோழர்களே. கர்ப்பத்தில் தாய்க்குப் போதிய சாப்பாடு இல்லை, இரத்தம் இல்லை. பிறந்த பிள்ளை எடை குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கிற சாப்பாட்டில் சத்து இல்லை. கெட்ட தண்ணீரால் அடிக்கடி வயிற்றோட்டம், தின்றதும் உடம்பில் ஒட்டுவதில்லை. இதில் எந்தக் காரணத்தையும் வார்ட்டுக்குள் இருந்துகொண்டு தீர்க்க முடியாது. லயத்துக்கு வந்தால்தான் தீர்க்கலாம்.

அப்படியானால் ஆஸ்பத்திரியிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று, பதிவு. வருகிற நோயாளியின் டிவிசனையும் லயத்தையும் எழுதச் சொல்லுவோம். வேலைத்தலத்தில் அடிபட்டால் எத்தனையாம் நம்பர் மலை என்றும் எழுதட்டும். குளவிக் கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் குளவியால் ஆட்களை இழக்கிறோம். ஒரே மலையில் இருந்து இரண்டு தடவை ஆட்கள் வந்தால், அந்த மலையில் கூட்டை அகற்றும்வரை கொழுந்தெடுக்க ஆள் அனுப்பக்கூடாது என்று நிர்வாகத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தே கடிதம் போக வேண்டும். தலைவர் வாயால் சொன்னால் துரை கேட்காமல் விடலாம். டொக்டர் எழுத்தில் கொடுத்தால் கேட்காமல் விடுவது கஷ்டம்.

இரண்டு, கிளினிக் நாள். கிளினிக் காலை எட்டு மணிக்கு. கொழுந்து மலையிலும் அதே நேரம். கிளினிக்குக் போனால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் வீட்டில் அன்றைக்கு அரிசி இல்லை. அப்புறம் தாய்மார் ஏன் கிளினிக்குக் வருவதில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்? பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மருந்து எடுக்கிற பெரியவர்களுக்கும் இதே பிரச்சினைதான். மாதத்தில் ஒரு நாளாவது டிவிசனுக்கு வந்து கிளினிக் நடத்தும்படி கேட்போம். கொழுந்து மடுவத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ நடத்தலாம். கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்குப் போகிற நாளுக்குப் பேரை வெட்டக்கூடாது என்பதை நிர்வாகத்தோடு பேசும்போது சங்கம் கேட்க வேண்டும். இது சலுகை இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உரிமை.

மூன்று, பாஷை. எங்கே நோகிறது, எப்போது இருந்து நோகிறது என்று சொல்ல முடியாவிட்டால் எந்த டொக்டரும் சரியான மருந்து கொடுக்க முடியாது. மருந்து உறையில் எழுதியிருப்பது விளங்காமல், மூன்று வேளை போட வேண்டியதை ஒரே வேளையில் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களைக் கேட்போம். நமது பிள்ளைகள் தாதியாகவும் மருத்துவமாதாகவும் பயிற்சிக்குப் போக வேண்டும். உயர்தரம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் விண்ணப்பம் கோருகிற வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். தல்லி ராஜஹராவில் சுரங்கத் தொழிலாளி புண் கட்டினார் என்றால், நமது லயத்துப் பிள்ளை ஏன் மிஸ்ஸியாக முடியாது?

நான்கு, பாதை. 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் எதுவரைக்கும் வரும்? பாதை உள்ள இடம்வரைக்கும். அதற்கு மேல் லயம்வரை தோளில்தான் தூக்க வேண்டும். மழையில், இரவில், வழுக்குகிற படியில். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு நல்ல ஸ்ட்ரெச்சர் வேண்டும். சாக்கும் கம்பும் போதும் என்று இனியும் இருக்க முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? இருக்க முடியாது. நமது பங்கும் இருக்கிறது.

ஒவ்வொரு கிளையிலும் சுகாதாரத்துக்கு என்று மூன்று பேரை நியமியுங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். மருத்துவமாது லயத்துக்கு வருகிற நாளில் அவர்களில் ஒருவர் கூடப் போக வேண்டும். மருத்துவமாது ஒருவர், அவருக்குக் கீழே பல டிவிசன்கள், எல்லாம் மலை. எந்தக் காம்பராவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் இருக்கிறாள், யார் மூன்று மாதமாக வாந்தி எடுக்கிறாள் என்பது நமக்குத்தான் முதலில் தெரியும். சொன்னால் அவர் பதிவார். பதிந்தால் விட்டமினும் இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும் கிடைக்கும். கிடைத்த திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல், கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் கொடுக்கும்படி மாமியார்மாருக்குச் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனி பக்கற் கையில் இல்லாவிட்டாலும் பயப்படாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர். அதில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி அளக்க வேண்டும். உப்புக் கூடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்துபோனால், கண் உள்ளே போனால், மலத்தில் இரத்தம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

கசிப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. லயத்தில் கசிப்பு விற்கிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் சங்கத்து ஆளாக இருந்தாலும் கமிட்டி பேச வேண்டும். சுரங்கத்துப் பெண்கள் செய்ததை நமது தலைவிமாராலும் செய்ய முடியும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் உள்ள கடைக்காரர், அதிபர், மதகுருமார் எல்லாம் அதில் இருப்பார்கள். வார்ட்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் நமது ஆட்களாக இருந்தும் குழுவில் நமது ஆள் ஒருவர்கூட இல்லாத ஆஸ்பத்திரிகள் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியில் குழு எப்போது கூடுகிறது என்று போய் விசாரியுங்கள். ஒரு தலைவியை அனுப்புங்கள். பெயின்ற் அடிப்பது, கதிரை வாங்குவது பற்றி அவர்கள் பேசட்டும். நமது தலைவி பணிய லயத்துப் பீலியைப் பற்றிப் பேசட்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களோடு நாங்கள் நடந்துகொள்ளும் முறை. கோபம் வருகிற நேரம் உண்டு, வராமல் இருக்காது. ஆனால் இரவு முழுக்கத் தனியாக வார்ட்டைப் பார்க்கிற மிஸ்ஸியும் ஒரு தொழிலாளிதான். அவருக்கும் குவார்ட்டர்ஸில் தண்ணீர் இல்லை, பஸ் இல்லை. சண்டை பிடித்து ஒரு டொக்டரை மாற்றலில் அனுப்பிவிடலாம். அடுத்த டொக்டர் வர ஒரு வருடம் ஆகும். குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள், சங்கத்தின் மூலம் பேசுவோம். நல்லது செய்தால் அதையும் கடிதமாக எழுதிக் கொடுங்கள். கொப்பியில் லயத்தின் பெயரை எழுதிய அந்த டொக்டர் மாற்றலாகிப் போனபோது பணிய லயமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததாகத் தலைவி சொன்னார். வேறு எந்தக் காசுக்கும் கிடைக்காத மரியாதை அது.

முடிக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் பீலித் தண்ணீர் எங்கே தொடங்குகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது? ஓடையோடு நடந்து போய்ப் பார்த்து எழுதுங்கள். இப்போது உங்கள் டிவிசனில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்கு எப்போது நாள்? இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய்க்கு வலி எடுத்தால் யாருடைய வாகனம், அவருடைய போன் நம்பர் என்ன, பாதைவரைக்கும் தூக்குகிற நான்கு பேர் யார்?

இந்த மூன்றையும் எழுதி ஒரு பிரதியை ஆஸ்பத்திரி டொக்டரிடமும் மருத்துவமாதிடமும் கொடுப்போம். ஒரு கொப்பியும் பேனையும் போதும், இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. டொக்டர் வேண்டும், மருந்து வேண்டும், மூடிய ஆஸ்பத்திரியைத் திற என்று நாங்கள் போராடுவது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆஸ்பத்திரி லயத்துக்கு வருகிற பாதையை இந்தப் பக்கத்தில் இருந்து நாங்கள் வெட்டத் தொடங்குவோம்.